மச்சான் புடிச்ச கயிறும் மருமவன் வாங்குன போனும்

ஏலே மருமவனே, இங்கன வந்து உக்காரு. அந்தப் போனைக் கீழ வைக்க வேண்டாம், கையிலயே இருக்கட்டும். பேச்சே அதைப் பத்தித்தான். வலைக்கு ஈயம் வாங்க வட்டிக்கடைப் படியேறுனவன், போனுக்கு மட்டும் ரொக்கமா எண்ணி வச்சியாமே? நல்ல காரியம். கேட்டா, "கேமரா சூப்பரா இருக்கு மாமா"ங்குவ. அந்தக் கேமராவுல இதுவரைக்கும் என்னத்தப் புடிச்ச? சூரையைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு ஒன்னையே நீ புடிச்ச. செத்ததுக்குப் பொறவும் ஒன் மூஞ்சிக்குப் பக்கத்துல கெடக்கணுமேன்னு அந்த மீனுக்கு எம்புட்டு வருத்தமோ.

நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லு. போனைக் குறுக்கத் திருப்புனா படமும் சேந்து திரும்புதுல்லா, அது எப்பிடி? "தானாத் திரும்பும் மாமா." தானா எதுவும் திரும்பாதுலே. தானாத் திரும்பும்னு நெனைச்சவன் படகுதான் பாருல ஏறிக் கெடக்கும்.

என் பேத்தி கோயம்புத்தூர்ல கருவிப் படிப்பு படிக்கால்லா, அவ மீன்பிடித் தடைக்காலத்துல லீவுக்கு வந்திருந்தப்ப ஒரு சங்கதி சொன்னா. நமக்கு ஒரு தடவை சொன்னா ஏறாது. திரும்பத் திரும்பக் கேட்டு, அவ சலிச்சு, "தாத்தா, நீங்களே காலேஜ் சேந்துருங்க"ன்னு சொல்லுற மட்டும் விடல. போனுக்குள்ள ஆக்சிலரோமீட்டர்னு ஒரு சில்லு இருக்காம். ரெண்டு மூணு மில்லிமீட்டர் அகலம். அதுக்குள்ள சிலிக்கான்ல செதுக்குன ரெண்டு சீப்பு. ஒண்ணு அசையாது. இன்னொண்ணு மெல்லிசான சிலிக்கான் கம்பியில தொங்கும். பல்லுக்குள்ள பல்லு கோத்துருக்கும், ஆனா ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. போன் அசைஞ்சா தொங்குற சீப்பு ஒரு இழை பிந்தும். பிந்துனா பல்லுகளுக்கு நடுவுல எடைவெளி மாறும். எடைவெளி மாறுனா அங்கன தேங்கி நிக்கிற மின்சாரத்தோட அளவும் மாறும். அதை எண்ணாக்கி செகண்டுக்கு நூறு தடவை, எரநூறு தடவை ஒப்பிச்சுக்கிட்டே இருக்கும். ஒன் பொஞ்சாதி கூட அம்புட்டு வேகமாக் கணக்குக் கேக்க மாட்டா.

1990கள்ல காருக்குக் காத்துப்பை வச்சானுவ பாரு, முட்டுன ஒடனே வெடிச்சு விரியணுமே, அதுக்காகத்தான் இதை முதல்ல சின்னதாச் செஞ்சு காருக்குள்ள வச்சது. 2007ல முதல் ஐபோன்ல படத்தைத் திருப்ப இதை வச்சான். 2010ல ஐபோன் 4ல சுழற்சியை அளக்குற கைரோஸ்கோப்பையும் பக்கத்துல குடி வச்சான். இப்ப கூகுள்காரன் இதே சில்லை வச்சு, மேசை மேல சார்ஜுல சும்மா கெடக்குற போன்கள்ல இருந்து நிலநடுக்கத்தை மோப்பம் புடிக்கான். 2023 செப்டம்பர்ல அந்த எச்சரிக்கையை இந்தியாவுக்கும் கொண்டாந்துட்டான். பூமி நடுங்குறது தெரியுற சாமானுக்கு, மருமவனே, ஒன் நெஞ்சு நடுங்குறது தெரியாதா?

தெரியுமாம். அதுதான் சங்கதி. கேமரா மேல வெரலை அழுத்தி, லைட்டை எரிய விட்டு, ரத்தம் ஏறி எறங்குற நெறத்தை எண்ணுறது வேற வித்தை. அதைக் கூகுள்காரன் 2021லயே போன்ல குடுத்துட்டான். இதுக்கு வெரலும் வேண்டாம், வெளிச்சமும் வேண்டாம். மல்லாக்கப் படுக்கணும், போனை நெஞ்செலும்பு மேல வைக்கணும், ஒரு நிமிசம் அசையாமக் கெடக்கணும். கடைசிச் சொல்லைக் கேட்ட ஒடனே ஒன் மூஞ்சி வாடுது பாரு. ஒரு நிமிசம் அசையாமக் கெடக்கதுதான் ஒனக்கு ஆகாத காரியம்னு ஊருக்கே தெரியும். பூசை நேரத்துல கூட நீ காலை ஆட்டிக்கிட்டேதான நிக்க.

திண்ணையில பாயை விரிச்சு என்னைப் படுக்க வச்சா பேத்தி. ஜெர்மனியில ஆக்கன்னு ஒரு ஊரு, அந்த யுனிவர்சிட்டிக்காரன் ஃபைஃபாக்ஸ்னு ஒரு செயலியைக் காசில்லாமக் குடுக்கான். அதைத் தொறந்து நெஞ்சுக்குழிக்கு மேல, எலும்பு தட்டுற எடத்துல, தலைமாட்டுப் பக்கம் போனோட தலை இருக்குற மாதிரி வச்சா. சட்டைப் பட்டனைக் கழட்டச் சொன்னா, பட்டன் மேல ஏறி நின்னா போன் தளும்புமாம். திரையில மூணு கோடு ஓடுச்சு. ரெண்டு கோடு சைபருக்குக் கிட்டக் கெடக்கு, ஒண்ணு மட்டும் 9.8ல போயி உக்காந்துக்கிடுச்சு. "என்னடி இது, எனக்குக் காய்ச்சலா"ன்னு கேட்டேன். பூமி இழுக்குற இழுப்பாம் அது, எல்லாருக்கும் அதேதானாம். அந்தக் கோட்டைப் பெருசாக்கிக் காட்டுனா. பெரிய அலை ஒண்ணு மெதுவா ஏறி மெதுவா எறங்குது, அது மூச்சு. அந்த அலை முதுகு மேல முள்ளு முள்ளாச் சின்னத் துள்ளல், ரெண்டு ரெண்டா. மொதத் துள்ளல் இதயம் ரத்தத்தைப் பெரிய குழாய்க்குள்ள தள்ளுறதுக்குக் கதவு தொறக்கையில. அடுத்தாப்ல வர்ற சின்னத் துள்ளல், தள்ளி முடிச்சு அந்தக் கதவு மூடையில. அம்புட்டும் சேந்து பூமி இழுப்புல நூத்துல ஒரு பங்கு இருக்கும், பல ஆளுக்கு அதுக்கும் கம்மி. நான் ஒரு இருமல் இருமுனேன். முள்ளு, அலை எல்லாம் போயி திரை பூராக் கிறுக்கல். "கெடுத்தீங்களே தாத்தா"ன்னு அவ முதல்ல இருந்து ஆரம்பிச்சா.

பெரிய அலையில இருந்து சின்னத் துள்ளலைப் பிரிச்சு எடுக்கதுதான் இதுல உள்ள மொத்த சூட்சுமமும். அவ அதை வடிகட்டல், அலைவரிசை, என்னன்னமோ சொன்னா. எனக்குச் சுளுவா வெளங்குனது எதுனாலன்னா, நம்ம ஆளுக இதை வெறுங்கையால செஞ்சவங்க. நீ முத்துக்குளிப்பு பாத்தவன் இல்ல. தூத்துக்குடிக் கடல்ல 1961ல நடந்ததுதான் கடைசி. எங்கப்பன் வயசு ஆளுக காலைக் கல்லுல வச்சு, அஞ்சு பாகம் ஏழு பாகம் ஆழத்துக்கு விறுவிறுன்னு எறங்குவாங்க. ஒரு நிமிசம், கூடிப்போனா ஒண்ணேகால் நிமிசம். அதுக்குள்ள கையில கெடைச்ச சிப்பியைக் கூடையில அள்ளிப் போட்டுட்டுக் கயித்தை ஒரு சுண்டு சுண்டணும். மேல வள்ளத்துல ஒருத்தன் அந்தக் கயித்தைப் புடிச்சு நிப்பான். வள்ளம் சும்மாவா நிக்கும்? அலையில ஏறும், எறங்கும். ஏறும்போது கயிறு இழுக்கும், எறங்கும்போது தொய்யும். அந்த மெதுவான இழுப்பையெல்லாம் கை கண்டுக்காது. நடுவுல வெடுக்குன்னு வருது பாரு ஒரு சுண்டல், அதுக்கு மட்டும் கை முழிச்சுக்கும். மெதுவா வர்றதைத் தள்ளு, வெடுக்குன்னு வர்றதை வையி. போனும் இதைத்தான் செய்யுது. மூச்சு நிமிசத்துக்குப் பன்னண்டுல இருந்து இருபது அலை, அதைத் தள்ளிரும். துள்ளலை வச்சுக்கும். ஒரு துள்ளலுக்கும் அடுத்த துள்ளலுக்கும் எம்புட்டு நேரம்னு பாத்தா நாடி கெடைச்சுது.

கயித்தை யாரு கையில குடுப்பாங்கன்னு தெரியுமா? பொஞ்சாதி கூடப் பொறந்தவன் கையில. மச்சான் கையில. அண்ணன் தம்பி கூட அசந்துருவான், சொத்து பிரிக்க வேண்டியவன். மச்சானுக்கு அப்பிடி இல்ல. கயித்தை விட்டா அறுந்து போறது அவன் தங்கச்சி தாலி. இது கரையோரத்துல வழிவழியாச் சொல்லுற பேச்சு. இப்ப ஒன் மச்சான், அதாம் என் மவன், அவனை நம்பி நீ ஒரு கயித்தைக் குடுப்பியா? குடுக்காத. அவன் கையிலயும் போன்தான் இருக்கு.

சரி, இந்த நெஞ்சு ஆட்டம் போன் வந்ததுக்குப் பொறவு கண்டுபுடிச்சதுன்னு நெனைக்காத. 1877ல கார்டன்னு ஒருத்தர் சுருள்வில் தராசு மேல ஏறி நின்னு பாத்துருக்காரு. ஆளு அசையாம நிக்கான், முள்ளு மட்டும் ஆடுது. நாடி துடிக்கிற கணக்குக்கே ஆடுது. எடை பாக்க ஏறுனவன் எடையைப் பாத்துட்டு எறங்காம முள்ளு ஏன் ஆடுதுன்னு கேட்டாரு பாரு, அவருக்குத்தான் படிப்பு வந்துருக்கு. நீ ரேசன் கடைத் தராசு முள்ளு ஆடுறதைப் பாத்தா மட்டும் அவனோட சண்டைக்குப் போவ. காரணம் என்னன்னா, இதயம் ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய 70 மில்லி ரத்தத்தை ஒரு பக்கம் வீசுது. வீசுனா ஒடம்பு மறுபக்கம் ஒரு மயிரிழை பின்வாங்கும். துப்பாக்கி சுட்டவன் தோள்பட்டை பின்னால போகும்லா, அதே நியாயம்.

அமெரிக்காவுல பிலடெல்பியாவுல ஐசக் ஸ்டார்னு ஒரு டாக்டரு 1930கள் கடைசியில இதுக்குன்னே அசையுற கட்டில் ஒண்ணு செஞ்சு, ஆளைப் படுக்கப் போட்டு, அந்த ஆட்டத்தைக் கோடாப் போட்டு வாங்குனாரு. கொஞ்ச காலம் நல்ல பேச்சா இருந்துச்சு. பொறவு மின்சாரத்தைப் புடிக்கிற ஈசிஜியும், ஒலியால படம் புடிக்கிற எக்கோவும் ஊன்றுனதும் கட்டிலைத் தூக்கி மூலையில போட்டுட்டாங்க. ஆடுற கட்டில் விலையும் கூட, எடமும் கூட. சில்லு மலிஞ்சு போனதும் மூலையில கெடந்தது திரும்பி நடுவீட்டுக்கு வந்துருச்சு.

நம்ம நாட்டுலயே ஆளு இருக்கு. பெங்களூர்ல டோசின்னு ஒரு கம்பெனி. முதித் தண்டவதே, கவுரவ் பர்ச்சானின்னு ரெண்டு இஞ்சினியர் பயலுவ 2015ல ஆரம்பிச்சது. மெல்லிசா ஒரு விரிப்பு, அதை மெத்தைக்கு அடியில போட்டுருவாங்க. மேல படுத்துருக்கிற நோயாளி ஒடம்புல ஒரு வயரு கெடையாது. மெத்தை வழியா வர்ற அதிர்வை வச்சே நாடியையும் மூச்சையும் எண்ணி நர்சு கண்ணுக்கு முன்னால எழுதிரும். கொரோனா நேரத்துல ஆஸ்பத்திரிகள்ல ஐசியூ கட்டில் பத்தாமப் போச்சு பாரு, அப்ப சாதா வார்டு கட்டிலுக்கு அடியில இதைப் போட்டுச் சமாளிச்சாங்க. ரேஸ் கார் அதிர்வைப் பாத்துப் பழகுன பயலுவ, மனுசன் அதிர்வுக்கு வந்துட்டாங்க. நீயும் பைக்குல ரேஸ் விடுதவன்தான். ஒனக்கு வந்தது கால்ல ஒரு தையல்.

முத்துக்குளிப்புன்னு சொன்னதும் ஞாபகம் வருது, இதயத்துக்கும் அதுக்கும் ஒரு ஒட்டு இருக்கு. நம்ம கடல்ல குளிப்பு நின்ன மறுவருசம், 1962ல, ஸ்கோலாண்டர்னு ஒரு விஞ்ஞானியும் அவரு கூட்டாளிகளும், ஆஸ்திரேலியாவுக்கு வடக்க டோரஸ் நீரிணையில முத்துக்குளிக்கிற ஆளுகளோட நாடியை அளந்து கட்டுரை எழுதுனாங்க. மூச்சை அடக்கித் தண்ணிக்குள்ள போனதும் இதயம் துடிப்பைக் கொறைச்சுக்குது. கை கால் தசைக்குப் போற ரத்தத்தைச் சுருக்கி, மூளைக்கும் இதயத்துக்கும் பங்கு கூட வைக்குது. சீலுக்கும் திமிங்கலத்துக்கும் உள்ள பழக்கம், மனுசனுக்கும் கொஞ்சம் ஒட்டிக் கெடக்கு. மொகத்துல குளுந்த தண்ணி பட்டாலே போதும், மூச்சை அடக்குனா துடிப்பு எறங்க ஆரம்பிக்கும். இங்க எனக்குத் தெரிஞ்சு எங்கப்பன் காலத்து ஆளுக நெஞ்சைப் பாக்க ஒரு கருவியும் வரல. குளிச்சவன் காதுல ரத்தம் வந்தா சீலையைக் கிழிச்சு வச்சுட்டு மறுபடி எறங்குவான். அதனால நம்ம ஆளுக நாடி எம்புட்டுக்கு எறங்குச்சுன்னு ஒரு ஏட்டுலயும் இல்ல. சிப்பியை மட்டும் கடைசி ஒண்ணு வரைக்கும் எண்ணி வச்சுருக்கான் சர்க்காரு.

இனி இதனால என்ன பிரயோசனம்னு கேப்ப. சும்மா நாடி எண்ணத்தான்னா மூணு வெரலே போதும். நம்ம சித்த வைத்தியர் ஆள்காட்டி வெரல்ல வாதம், நடு வெரல்ல பித்தம், மோதிர வெரல்ல ஐயம்னு சார்ஜ் போடாமலே பாத்துருவாரு. போனுக்கு வேலை எங்கன வருதுன்னா, தாளம் தப்புற நாடியில. இதயத்து மேலறை ஒழுங்கா அமுங்காம வெடவெடன்னு நடுங்குற ஒரு நோய் இருக்கு. துடிப்பு ஒண்ணு சீக்கிரம் வரும், ஒண்ணு தாமசம், ஒரு கணக்குக்கும் அடங்காது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்னு டாக்டருக சொல்லுவாங்க. அந்த நடுக்கத்துல ரத்தம் தேங்கி உறையும், உறைஞ்ச கட்டி மூளைக்கு ஏறுனா பக்கவாதம். இந்த நோய் உள்ளவனுக்குப் பக்கவாதம் வர்ற வாய்ப்பு மத்தவனை விட அஞ்சு மடங்கு. கொடுமை என்னன்னா, பல பேருக்கு இது இருக்கதே தெரியாது. வரும், போகும். டாக்டர் முன்னால போயி உக்காந்த நேரத்துல நல்ல பிள்ளையா அடிக்கும்.

பின்லாந்துல துர்க்குன்னு ஒரு ஊரு. அந்த யுனிவர்சிட்டிக்காரங்க 300 பேரைப் படுக்கப் போட்டு, நெஞ்சு மேல சாதாப் போனை வச்சுப் பாத்தாங்க. பாதிப் பேருக்கு இந்த நோய் உண்டு, பாதிப் பேருக்கு இல்ல. நோய் உள்ளவங்கள்ல நூத்துக்கு 95 பேரைப் போன் சரியாப் புடிச்சுருச்சு. இல்லாதவங்கள்ல நூத்துக்கு 96 பேரை இல்லைன்னு விட்டுருச்சு. 2018ல சர்குலேஷன்ங்கிற பெரிய பத்திரிகையில வந்துச்சு. அதையே இப்பக் கார்டியோசிக்னல்னு செயலியா விக்காங்க.

96ன்னதும் வாயைப் பொளக்காத. பொறு, கணக்குப் போடு. நம்ம தருவைகுளத்துல சொகமா இருக்கிற ஆயிரம் பேரை வரிசையாப் படுக்கப் போட்டா, நூத்துக்கு நாலு வீதம், நாப்பது பேருக்குப் போன் பொய்யாப் பயங்காட்டும். அந்த நாப்பது பேரும் அன்னைக்கு ராத்திரி தூங்க மாட்டான். மறுநா காலையில நாப்பது குடும்பம் தூத்துக்குடிக்கு பஸ் ஏறும். அதுல நாலு பேரு சொத்தையே எழுதி வச்சுருவான். அதனால போன் 'தாளம் தப்புது'ன்னு சொன்னா அது தீர்ப்பு இல்ல, ஈசிஜி எடுக்கப் போன்னு ஒரு சீட்டு. போய் எடுத்துக் காட்டணும், அம்புட்டுத்தான்.

ஒனக்குன்னே இன்னொரு சேதி வச்சுருக்கேன், காதைக் குடு. வாரம் பூரா ஒழுங்கா இருந்துட்டு, திருவிழா வந்தா ரெண்டு நா முட்ட முட்டக் குடிக்காம்லா, அவனுக்கு இந்தத் தாளம் தப்புற நோய் திடீர்னு வரலாம். அமெரிக்கக்காரன் 1978லயே அதுக்கு 'விடுமுறை இதயம்'னு பேரு வச்சு எழுதிட்டான். நம்ம ஊர்ல ஆராய்ச்சி பண்ணிருந்தா 'பனிமயமாதா தேர்த் திருவிழா மறுநா இதயம்'னு வச்சுருப்பான். நான் யாரையும் சொல்லல. ஆகஸ்டு ஆறாம் தேதி காலையில நீ போனை நெஞ்சு மேல வச்சுப் பாரு, சொல்லுதேன்.

அதுக்கு நல்ல சமயம் இன்னொண்ணும் இருக்கு. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு தடைக்காலம். படகு மேட்டுல, நீ பாயில. எப்பிடியும் மல்லாக்கப் படுத்துப் போனை மூஞ்சிக்கு நேரத் தூக்கிப் புடிச்சுக்கிட்டுத்தான் கெடக்க. அதையே ஒரு முழம் எறக்கி நெஞ்சுல வச்சா ஒடம்புக்காவது ஆகும். கை வலியும் மிச்சம்.

"நல்லதாப் போச்சு மாமா, கடலுக்குப் போகையில கொண்டு போறேன்"னு கெளம்பிராத. அங்கதான் இது கவுத்துரும். நம்ம படகுக வழிவலை கொண்டு நாள் கணக்காப் போகுது. டாக்டர் கெடையாது, சிக்னல் கெடையாது. இந்த வேலைக்குச் சிக்னலும் வேண்டியதில்ல, கணக்கைப் போனே போட்டுக்கும். ஆனா அசையாத தரை வேணுமே. இஞ்சின் நிமிசத்துக்கு 1800 சுத்து சுத்துனா செகண்டுக்கு 30. நெஞ்சோட அதிர்வும் பெரும்பாலும் செகண்டுக்கு 50 ஆட்டத்துக்கு உள்ளதான் வருது. ரெண்டும் ஒரே எடத்துல வந்து ஏறிக்கிடும். கயித்துக்காரனுக்கு அலை மெதுவா வந்துச்சு, சுண்டல் வெடுக்குன்னு வந்துச்சு, பிரிச்சுட்டான். இங்க இஞ்சினும் நெஞ்சும் ஒரே வேகத்துல தட்டுனா எதைத் தள்ள, எதை வைக்க? போன் ஒன் நாடியைச் சொல்லுதா, லேலண்டு இஞ்சின் நாடியைச் சொல்லுதான்னு ஒனக்கே தெரியாது. எங்க ஆஸ்பத்திரி தூரமோ அங்கதான் இது ஒதவணும், அங்க ஒதவாது. இதைச் செஞ்சவன்ல ஒருத்தன் கூட படகுல படுத்தவன் இல்ல போலிருக்கு. கெளம்புறதுக்கு மொத நா ராத்திரி வீட்டுத் தரையில படுத்துப் பாத்துட்டுப் போ. அது முடியும்.

இன்னொண்ணு சொல்லணும், கொஞ்சம் கிட்ட வா. போன்ல ஒரு செயலியைப் போடுறப்ப கேமராவைத் தொடவா, மைக்கைத் தொடவா, எங்க இருக்கன்னு பாக்கவான்னு ஒன்கிட்ட அனுமதி கேக்கும். நீ படிக்காமலே சரி சரின்னு அமுக்குவ, அது வேற கதை. ஆண்ட்ராய்டுல இந்த அசைவுச் சில்லைத் தொட அந்த அனுமதி கூடக் கேக்க வேண்டியதில்ல. 2021ல ஆண்ட்ராய்டு 12 வந்தப்ப, செகண்டுக்கு 200 தடவைக்கு மேல வாசிக்கணும்னா செயலிக்காரன் முன்கூட்டியே எழுதி வைக்கணும்னு கட்டுப்பாடு கொண்டாந்தாங்க. நெஞ்சுக்கு நூறே தாராளம். 2015ல அமெரிக்காவுல எம்ஐடி ஆளுக, பாக்கெட்டுலயும் பையிலயும் இருக்கிற போனை வச்சே, ஆளு உக்காந்து, நின்னு, படுத்துருக்கையில நாடியையும் மூச்சையும் எடுத்துக் காட்டிட்டாங்க. நடந்தா ஓடுனா கெடைக்காது, சும்மா இருந்தாக் கெடைக்கும். அப்ப சீட்டு விளையாடுற செயலிக்காரன் நெனைச்சா, எந்தச் சீட்டைப் பாத்ததும் ஒன் நெஞ்சு படபடக்குன்னு பாக்க முயற்சி பண்ணலாம். எவனும் அப்பிடிச் செய்யுதான்னு நான் சொல்லல. கதவு தொறந்து கெடக்குன்னு சொல்லுதேன். வீட்டுக் கதவைத் தொறந்து போட்டுட்டுக் கடலுக்குப் போவியா நீ? கருவாட்டுப் பெட்டிக்குக் கூடப் பூட்டுப் போடுத ஆளு. ஒனக்கு வேண்டாத செயலிகளை முதல்ல அழி. அந்தச் சீட்டு செயலியில இருந்து ஆரம்பி. அதுக்கு நெஞ்சு காரணம் இல்ல, என் மவ நகை காரணம்.

கடைசியா ஒண்ணு, இதுல கேலி இல்ல. இந்தப் போன் வித்தை துடிப்பை எண்ணும், தாளம் தப்புனாச் சொல்லும். மாரடைப்பைச் சொல்லாது. ரத்தக்குழாய் அடைச்சு இதயத் தசை செத்துக்கிட்டு இருக்கிற நேரத்துலயும் துடிப்பு ஒழுங்காவே வரலாம். போன் பச்சை காட்டும். அதைப் பாத்துட்டு, "ஒண்ணும் இல்ல, வாயு"ன்னு சோடாக் குடிச்சுப் படுத்தவன் எந்திரிக்காமப் போயிருவான். நெஞ்சை அமுக்குற வலி, எடது கைக்கு எறங்குற வலி, தாடையில குத்து, குளுந்த வேர்வை, சில பொம்பளையாளுகளுக்கு வெறும் மூச்சு வாங்கலும் அசதியும், இதுல எது வந்தாலும் ஈசிஜி எடுக்கணும், ரத்தம் பாக்கணும். 2023 ஜூன்ல இருந்து தமிழ்நாட்டுல 'இதயம் காப்போம்'னு ஒரு திட்டம் இருக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்துலயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் மாத்திரையை முதல் வேளையாக் குடுத்து, பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பி வைக்காங்க. அதை டாக்டர் பாத்துக் குடுப்பாரு, நீ மெடிக்கல்ல வாங்கிப் பையில போட்டுக்கிட்டு வைத்தியம் பாக்காத. அங்கன இருந்து தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி பக்கம்தான். ராத்திரின்னும் பாக்காத, ஏலத்துக்கு நேரமாச்சுன்னும் பாக்காத.

நெஞ்சு வலிச்சா அன்னைக்கு மட்டும் போனை நெஞ்சு மேல வைக்காதலே, மருமவனே. காதுல வச்சு 108க்கு அடி.